ஒரு ரூபாய்க்குச் சொன்ன எண்

"ஓடிபி சொன்னது நீங்கதானேம்மா?"

விழுப்புரத்தில் ஒரு வங்கிக் கிளை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் என் அக்காவிடம் இதைக் கேட்டார். குரலில் கடுமை இல்லை, பரிவுகூட இருந்தது. ஆனால் அந்த ஒரு கேள்வியோடு பேச்சு முடிந்துவிட்டது என்பதுபோல அடுத்தவரின் செலானை வாங்கிக்கொண்டார்.

அக்கா முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவர். ஓய்வூதியம் வருகிற கணக்கு அது. வெகுநாள் கழித்துப் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தபோது பதினோரு வரிகள் ஒரே தொகையோடு வந்தன. மாதம் தவறாமல் 199 ரூபாய். பக்கத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் பின்னிய ஒரு நீளமான சரம். கடையின் பெயர் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மொத்தம் 2,189 ரூபாய்.

வீட்டுக்கு வந்து தோண்டித் துருவியதில் கதை தெரிந்தது. மே விடுமுறைக்கு வந்திருந்த பேரன் போட்டோவை ஓவியமாக மாற்றும் ஆப் ஒன்றை அவர் போனில் ஏற்றியிருக்கிறான். மூன்று நாள் பயன்படுத்த ஒரு ரூபாய் என்று அது கேட்டது. டெபிட் கார்டு எண்ணை அவனே போட்டான். ஓடிபி வந்தது. "ஒரு ரூபாதான் பாட்டி" என்றான். பாட்டி எண்ணைப் படித்துச் சொன்னார்.

ஆக, ஓடிபி கொடுத்தது அக்காதான். அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் அதற்காக அவர் அந்தக் கவுண்டருக்கு முன்னால் தலைகுனிந்து நின்றாரே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. பணத்தை எடுத்தவன் எங்கேயோ இருக்க, பறிகொடுத்தவர் குற்றவாளிபோல நின்றார்.

அந்த இளைஞரை மட்டும் சொல்லிப் பயனில்லை. திண்டிவனத்தில் நான் டீ குடிக்கும் கடையிலும் இதே பேச்சுதான், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இதேதான். படிக்காமல் அமுக்கினால் அப்படித்தான். இருநூறு ரூபாய்க்குப் போய் அலைவானேன்? கார்டை பிளாக் செய்துவிட்டு வேறு வாங்கிக்கொள். படித்தவர்கள் இதை இன்னும் உறுதியாகச் சொல்கிறார்கள். பார்க்க நியாயம்போலத் தெரியும் இந்தப் பேச்சு அடியோடு தவறு என்பதுதான் என் வாதம்.

அக்கா சொன்ன ஓடிபி எதற்கானது? ஒரு ரூபாய்க்கு. அதே ஓடிபியைக் காட்டிப் பதினோரு மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்றால், வாசலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டவருக்குக் கொடுத்த பெண்மணி கிணற்றையே எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆகும். இது என் சொந்த நியாயம் மட்டுமல்ல. ஓடிபி ஒன்றே போதும் என்று ரிசர்வ் வங்கியே நினைக்கவில்லை. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போவதற்கு 2019 ஆகஸ்ட் 21 அன்று அது ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கிகளும் நிறுவனங்களும் தயாராகவில்லை என்று கெடு தள்ளித் தள்ளி, 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் முறை ஓடிபி வேண்டும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் சொல்ல வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்காக என்பது அதில் இருக்க வேண்டும். இந்த ஒருமுறை வேண்டாம் என்றோ, இனி எப்போதுமே வேண்டாம் என்றோ மறுக்க அதில் வழி இருக்க வேண்டும். எடுத்த பிறகு இன்னொரு தகவல். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. முதல் ஓடிபியே முழுச் சம்மதம் என்றால் மாதாமாதம் இத்தனை ஏற்பாடு எதற்கு? சம்மதம் ஒவ்வொரு மாதமும் புதிதாக உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் உட்பொருள்.

அந்தத் தகவல் அக்காவுக்கு வந்ததா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டோம். வந்தது என்றார்கள். பதினோரு முறையும் அனுப்பியிருக்கிறார்களாம், மின்னஞ்சலுக்கு. அக்காவுக்கு மின்னஞ்சல் முகவரி இருப்பது அன்றைக்குத்தான் அக்காவுக்கே தெரிந்தது. நான்கு ஆண்டுக்கு முன் போன் வாங்கியபோது கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்தது அது. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. கணக்குப் படிவத்தில் அது எப்படி ஏறியது என்பதும் தெரியாது. நம் ஊர்களில் ஐம்பது வயதைக் கடந்த எத்தனை பேரின் போனில் இப்படிக் கடைக்காரர் போட்ட மின்னஞ்சல் இருக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பணம் போன பிறகு எஸ்எம்எஸ்ஸும் வந்திருக்கிறது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாளெல்லாம் வந்து விழும் ஆங்கிலச் செய்திகளுக்கு நடுவே, மாதம் ஒன்றாக.

இங்கே சுற்றறிக்கையின் ஒரு வாசகத்தை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். முன்தகவலை எந்த வழியில் பெறுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதியை வங்கி வாடிக்கையாளருக்குத் தர வேண்டும், அந்தத் தகவல் தெளிவாக, குழப்பமில்லாமல், புரியக்கூடிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது அது. புரிய வேண்டியது யாருக்கு? அனுப்புகிறவருக்கா, கணக்கு வைத்திருப்பவருக்கா? தமிழில் கையெழுத்துப் போட்டுக் கணக்குத் தொடங்கிய ஒருவருக்கு, அவர் திறந்தே பார்க்காத ஒரு பெட்டியில், 'மேண்டேட்' என்ற சொல்லோடு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு, சொல்லிவிட்டோம் என்பது சொன்னதாகுமா? ஆகாது. விதியின் எழுத்தைப் படித்தாலே ஆகாது.

வங்கி அனுப்பிய பதிவில் இன்னொன்றும் இருந்தது. அதிகபட்சத் தொகை என்ற இடத்தில் 199 இல்லை, 5,000 என்று இருந்தது. மாதாமாதம் தொகை மாறக்கூடிய ஏற்பாடு என்றால் உச்சவரம்பைக் குறிக்க வேண்டியவர் கார்டுக்குச் சொந்தக்காரர். அக்கா அந்த எண்ணைக் குறிக்கவில்லை, பார்க்கவும் இல்லை. ஒரு ரூபாய் என்று பெரிய எழுத்தில் காட்டிய திரையில் அந்த 5,000 எங்கே இருந்தது?

திண்டிவனத்து மார்க்கெட் கமிட்டிக்கு மணிலாக் கொட்டை கொண்டுபோகிற விவசாயியை நினைத்துப் பாருங்கள். மூட்டை எடை போடப்படுகிறது, வியாபாரிகள் மறைமுக ஏலத்தில் விலை எழுதுகிறார்கள், விலை அறிவிக்கப்படுகிறது. கட்டுப்படியாகவில்லை என்றால் அவர் விற்க மறுத்து மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். அங்கே உள்ள குறைகளைப் பற்றித் தனியாக எழுதலாம். ஆனாலும் யார் வாங்குகிறார், என்ன விலை என்பது தெரிந்து, மறுக்கவும் இடமிருந்து, அதன் பிறகு தலையாட்டுவதைத்தான் நம் ஊரில் சம்மதம் என்போம். தண்டல் வசூலிக்கிறவர்கூட வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கேட்டு, நோட்டில் குறித்துவிட்டுப் போகிறார்.

'அமுக்கியது நீதான்' என்ற வாதம் இந்த நாட்டில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறது. செல்போனில் பத்து ரூபாய் டாப்-அப் போட்ட காலம் நினைவிருக்கும். திடீரென்று காலர் டியூனுக்கு முப்பது ரூபாய் போயிருக்கும். ஜோதிடம், கிரிக்கெட், நகைச்சுவை என்று என்னென்னவோ பெயரில் போகும். கேட்டால், "பாட்டு ஓடும்போது ஸ்டார் அமுக்கியிருப்பீங்க" என்பார்கள். அன்றைக்கும் பழி வாடிக்கையாளர் தலையில்தான் விழுந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஏற்கவில்லை. ஒருமுறை அமுக்கியது போதாது, தனியாக இன்னொரு முறை உறுதி கேட்டு வாங்கிய பிறகே சேவையைத் தொடங்க வேண்டும் என்று 2013 ஜூலையில் உத்தரவிட்டது. நிறுத்துவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற எண்ணும் இருந்தது. மக்கள் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிட்டார்கள் என்பதால் இது நடக்கவில்லை. விரல் பட்டதை விருப்பம் என்று எண்ணக் கூடாது என்று ஓர் அமைப்பு முடிவெடுத்ததால் நடந்தது.

படிக்காமல் அமுக்கினார்கள் என்கிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். படிக்க விடாமல் இருப்பதற்கென்றே திரைகள் கட்டப்படுகின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன் எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று சந்தாப் பொறி. நிறுத்தும் வழியை மறைப்பது, நிறுத்துவதை நீண்ட சிக்கலான வேலையாக்குவது, இலவசச் சந்தாவுக்கே கார்டு விவரத்தையும் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையும் கட்டாயமாகக் கேட்பது ஆகியவை அதில் அடங்கும். அக்காவிடம் கேட்டது இலவசம் அல்ல, ஒரு ரூபாய் என்று அந்த நிறுவனம் வாதாடலாம். அந்த ஒரு ரூபாய் எதற்காக வைக்கப்பட்டது என்பதை ஆணையத்தின் முன் அவர்கள் விளக்கட்டும்.

இது நம் ஊர் ஏழை எளியவர்களுக்கு மட்டும் நேர்வதும் அல்ல. அமெரிக்காவில் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2023 ஜூனில் அமேசான் மீது வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவில் ஆட்களைத் தெரியாமல் சேர்த்ததாகவும், விலகும் வழியைக் கடினமாக்கியதாகவும் குற்றச்சாட்டு. விலகுவதற்கு நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகள் என்று அந்த மனு எண்ணிக் காட்டியது. அந்த வழிமுறைக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். முடிவே இல்லாமல் நீளும் கிரேக்கப் போர்க் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள், கணினியோடு வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கே வழி தெரியவில்லை என்றால், விழுப்புரத்து ஆசிரியையின் அலட்சியத்தை எப்படிக் காரணமாகச் சொல்வது?

இருநூறு ரூபாய்க்கு அலைவானேன் என்கிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வைத்த ஒருநாள் கூலி 336 ரூபாய். அதில் பாதிக்கு மேல் அந்த 199. செஞ்சிப் பக்கமும் மரக்காணம் பக்கமும் வெயிலில் மண் வெட்டுகிறவர்களிடம் போய் இது சின்னத் தொகை என்று சொல்ல யாருக்காவது துணிவு உண்டா? தொகை சின்னதாக இருப்பதே இந்த வியாபாரத்தின் அடித்தளம். ஒரு லட்சம் பேரிடம் மாதம் 199 என்றால் 1 கோடியே 99 லட்சம். ஒவ்வொருவரும் அலைச்சலுக்கு அஞ்சி விட்டுவிடுவதால்தான் அந்தக் கோடி சேருகிறது. விட்டுவிடு என்று நாம் சொல்லும் புத்திமதி எடுத்தவனுக்குத்தான் போய்ச் சேருகிறது.

கார்டை பிளாக் செய்தால் போதும் என்பதும் அரைகுறை வைத்தியம். இனி போவது நிற்கலாம், போனது வராது. ஆப்பை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆப் அழிந்தாலும் சந்தா அழியாது. ஆப் கடையின் சந்தாப் பக்கத்தில் தனியாக நிறுத்த வேண்டும். கார்டில் கொடுத்த அனுமதியை வங்கியின் ஆப்பிலோ, பல வங்கிகள் பயன்படுத்தும் எஸ்.ஐ.ஹப் பக்கத்திலோ பார்த்து ரத்து செய்யலாம். யுபிஐ ஆட்டோபே என்றால் பணம் அனுப்பும் ஆப்பிலேயே பட்டியல் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகும் வசதியைத் தர வேண்டியது வங்கியின் கடமை.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெரியாத வரி எல்லாமே திருட்டு அல்ல. மே கடைசியில் பாஸ்புக்கில் 20 ரூபாயும் 436 ரூபாயும் போயிருந்தால் அவை பிரதமர் பெயரிலான விபத்து, ஆயுள் காப்பீடுகளின் ஆண்டு பிரீமியம். ஏதோ ஒரு முகாமில் கையெழுத்துப் போட்டிருப்போம். கடையில் ஒரு பெயர் இருக்கும், ஸ்டேட்மென்டில் அதன் தாய் நிறுவனத்தின் பெயரோ, நடுவில் பணம் வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் நிறுவனத்தின் பெயரோ வரும். திண்டிவனத்தில் வாங்கியதற்கு மும்பை என்று ஊர் பதிவாகியிருக்கும். டாலரில் போகும் சந்தா மாதத்துக்கு ஒரு தொகையாகத் தெரியும், நாணய மாற்று விகிதமும் வங்கியின் கூடுதல் கட்டணமும் சேர்வதால். ஆகவே முதலில் வீட்டில் எல்லோரையும் கேளுங்கள், தொகையையும் தேதியையும் வைத்து மின்னஞ்சலில் தேடுங்கள். வாங்கி அனுபவித்துவிட்டு வாங்கவே இல்லை என்று புகார் கொடுப்பது நேர்மையல்ல. அப்படிச் செய்தால் அடிபடுவது பெரிய நிறுவனம் மட்டுமல்ல, ஆன்லைனில் முறுக்கு விற்கும் சின்னக் கடைக்காரரும்தான்.

ஆனால் விசாரித்த பிறகும் அது நம்முடையதல்ல என்றால், கவுண்டரில் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழப்ப விடக் கூடாது. நாம் அனுமதியே கொடுக்காமல் பணம் போயிருந்தால் அது ஒன்று. அதற்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த நெறி இருக்கிறது. தவறு வங்கியின் பக்கம் என்றால், நாம் எப்போது சொன்னாலும் நமக்கு இழப்பு இல்லை. தவறு வங்கியிலும் இல்லை, நம்மிடமும் இல்லை, இடையில் எங்கோ என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட வேண்டும், இழப்பு இல்லை. ஏழு வேலைநாள் வரை தாமதித்தால் ஒரு வரம்புக்குள் நாமும் ஏற்க வேண்டிவரும். புகார் சொன்ன பத்து வேலைநாளில் அந்தத் தொகையைக் கணக்கில் வங்கி வரவு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. 'நீங்கதானே' என்று சொன்னால் மட்டும் போதாது, ஆதாரத்தோடு காட்ட வேண்டும்.

அனுமதி என்று ஏதோ கொடுத்தோம், ஆனால் ஏமாற்றி வாங்கினார்கள் என்பது மற்றொன்று. அக்காவினுடையது இந்த வகை. இதில் 2017 நெறியைப் பிடித்துத் தொங்கினால் ஓடிபியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே கேட்க வேண்டியது ஆவணம். எந்தத் தேதியில் பதிவானது, உச்சவரம்பு என்ன, ஒவ்வொரு முன்தகவலும் எந்த முகவரிக்குப் போனது? கிரெடிட் கார்டு பில்லை மறுத்தால், விளக்கமும் தேவைப்பட்டால் ஆவணமும் 30 நாளுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதிகள் சொல்கின்றன. நிறுத்திய பிறகும் பணம் எடுத்தார்கள் என்றால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு அமைப்புகளிலேயே அதற்கென்று தனிப் புகார் வகை உண்டு. வங்கியின் டிஸ்ப்யூட் படிவத்தில் அதைக் குறித்துக் கேட்க வேண்டும், காலக்கெடு இருப்பதால் உடனே. நிறுவனத்தின் மீது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விழுப்புரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் குருகிராமில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

இத்தனை வழி இருந்தும் அந்தக் கவுண்டரில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. எதிரே நிற்பவரின் தவறு என்று முடிவுகட்டிவிட்டால் வழி சொல்லவே தோன்றாது. இந்தப் பொதுக்கருத்து செய்யும் பெரிய கேடு என்று நான் நினைப்பது அதைத்தான்.

நாங்கள் வங்கிக்கு எழுதிய கடிதம் ஒரு பக்கம், தமிழில். ஐந்து கேள்விகள். இருபத்து நான்காம் நாள் பதில் வந்தது. மின்னஞ்சல் கதையும் 5,000 ரூபாய்க் கதையும் அதில்தான் வெளிப்பட்டன. 1915-இல் சொன்ன புகாருக்கு நிறுவனத்திடமிருந்தும் பதில் வந்தது. சந்தாவை நிறுத்திவிட்டார்களாம், நல்லெண்ண அடிப்படையில் கடைசி இரண்டு மாதத் தொகை 398 ரூபாயைத் திருப்பித் தருகிறார்களாம். பணமும் வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைதட்டும் படங்களைப் போட்டு, இத்தோடு விடுங்கள் என்றார்கள்.

நான் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனபோது, பாஸ்புக்கை விரித்து வைத்துக்கொண்டு, பழைய விடைத்தாள் திருத்துவதுபோலச் சிவப்பு பேனாவால் வரிவரியாகக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரிகளில் டிக் போட்டிருந்தது. ஒம்புட்ஸ்மேனுக்கான புகாரை என்னிடம் நீட்டினார். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது.

"மீதி ஒம்பது மாசம், ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. தொகைய எழுத்துலயும் எழுதிடு தம்பி."